ரோஸ் கோல்டு வாட்ச்: எல்லாம் செம்பு பண்ணுகிற வேலை

நகைக்கடையில் ஒரு வளையல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சிவந்து தெரிந்தால் நம்மூரில் உடனே வரும் சந்தேகம், "செம்பு ஜாஸ்தியோ?" என்பதுதான். 916 முத்திரையைக் காட்டினாலும் மனசு ஒப்பாமல் பக்கத்துக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. அதே செம்பை இன்னும் தாராளமாகக் கலந்து, ரோஸ் கோல்டு என்று பெயரிட்டு, ஜெனீவாவில் கைக்கடிகாரமாக்கி பல லட்ச ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் விவரம் தெரியாதவர்களும் இல்லை. மஞ்சள் தங்கம், வெள்ளைத் தங்கம், ஸ்டீல் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எடுக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் அழகாக இருக்கிறது என்பார்கள். அந்த அழகு எங்கிருந்து வருகிறது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் அடிப்படை. சுத்தத் தங்கத்தில் வாட்ச் கூடு செய்தால் அது நாளுக்கு நாள் நசுங்கும், அவ்வளவு மெத்தென்ற உலோகம். அதனால் ஆடம்பர வாட்ச் தொழிலில் 18 காரட்தான் பொது வழக்கம், அதாவது ஆயிரம் பங்கில் 750 பங்கு தங்கம். மஞ்சளோ ரோஸோ வெள்ளையோ, 18 காரட் என்றால் மூன்றிலும் தங்கத்தின் அளவு இதுதான், ரோஸ் கோல்டில் தங்கம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வித்தியாசம் எல்லாம் மீதி 250 பங்கில் இருக்கிறது. அதில் வெள்ளியும் செம்பும் பாதிப் பாதி போட்டால் நமக்குப் பழக்கமான மஞ்சள். வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டக் கூட்ட ரோஸ், அப்புறம் சிவப்பு. பல்லேடியமோ நிக்கலோ போட்டால் வெள்ளைத் தங்கம்.

சுவிஸ் தொழிலில் இதற்கு எண் வைத்திருக்கிறார்கள். 3என் என்றால் நூற்றுக்கு 12.5 வெள்ளி, 12.5 செம்பு, இது மஞ்சள். 4என் என்றால் 9 வெள்ளி, 16 செம்பு, இது இளஞ்சிவப்பு. 5என் என்றால் வெள்ளி வெறும் 4.5, செம்பு 20.5, இதுதான் நல்ல சிவந்த ரகம். பிங்க் கோல்டு, ரோஸ் கோல்டு, ரெட் கோல்டு என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைப்பதால் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு கம்பெனி பிங்க் என்பதை இன்னொன்று ரோஸ் என்னும். எண் தெரிந்தால் குழப்பமில்லை.

ஐந்தில் ஒரு பங்கு செம்புக்கே இவ்வளவு சிவப்பா என்று தோன்றலாம். இங்கேதான் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று வருகிறது. 20.5 சதவீதம் என்பது எடைக்கணக்கு. ஒரு தங்க அணு ஒரு செம்பு அணுவைப்போல மூன்று மடங்கு எடை. எடையை விட்டுவிட்டு அணுக்களை எண்ணிப் பார்த்தால், 5என் தங்கத்தில் நூறு அணுவுக்கு ஏறத்தாழ 51 தங்கம், 43 செம்பு, மீதி 6 வெள்ளி. கிட்டத்தட்ட சரிக்குச் சரி! தராசில் வைத்தால் அது தங்கம், கண்ணில் பட்டால் பாதி செம்பு. கண்ணுக்கு எடை தெரியாது, அணுக்கள் ஒளியை என்ன செய்கின்றன என்பது மட்டும்தான் தெரியும்.

ஒளி விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலான உலோகங்கள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி திருப்பி அனுப்புவதால்தான் வெள்ளி, ஸ்டீல், பிளாட்டினம், அலுமினியம் எல்லாம் வெண்சாம்பலாகத் தெரிகின்றன. தங்கம் நீலப் பக்கத்து ஒளியை விழுங்கிவிடுகிறது, மிச்சம் வருவது மஞ்சள். செம்பு அதோடு நிற்காமல் பச்சையிலும் நிறையவே விழுங்குகிறது, மிச்சம் சிவப்பு. வெள்ளியின் விழுங்கல் எல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவில் நடப்பதால் அதைச் சேர்த்தால் நிறம் வெளுக்கத்தான் செய்யும். ஆக, ரோஸ் கோல்டின் நிறம் மேலே பூசியது கிடையாது, உலோகத்தின் உடம்பு முழுக்க அதே நிறம். வெள்ளைத் தங்கத்துக்கு இந்தக் கொடுப்பினை எப்போதும் இருப்பதில்லை. பல வெள்ளைத் தங்கக் கலவைகள் இயல்பில் லேசாக மஞ்சளடிக்கும், அதை மறைக்க மேலே ரோடியம் முலாம் போடுவார்கள், அது தேயத் தேய மறுபடி போட வேண்டும். ரோஸ் கோல்டில் கீறல் விழுந்தால் கீறலுக்குள்ளும் அதே ரோஸ்தான்.

செம்பு நிறத்தை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. மஞ்சள் தங்கத்தைவிட இந்தக் கலவை கொஞ்சம் கடினமாக இருக்கும், வாட்ச் கூட்டுக்கு அது நல்லது. ஆனால் பட்டறையில் படுத்தும். உருக்கிய ரோஸ் கோல்டை மெதுவாக ஆறவிட்டால் தங்க அணுக்களும் செம்பு அணுக்களும் அடுக்கடுக்காக, ஒரு வரிசை தங்கம் ஒரு வரிசை செம்பு என்று ஒழுங்காகப் போய் உட்கார்ந்துகொள்ளும். கேட்க அழகாக இருக்கிறது, உலோகத்துக்கு அது கெடுதல். விறைத்துப்போய், வளைக்கும்போது விரிசல் விடும். அதனால் சூட்டோடு சூடாகச் சட்டென்று குளிர வைத்து, அணுக்கள் வரிசை கட்டுவதற்கு நேரமே கொடுக்காமல் செய்துவிடுகிறார்கள். மஞ்சள் தங்கத்துக்கு இவ்வளவு அவசரம் தேவையில்லை.

செம்போடு வரும் இன்னொரு தொல்லை நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செம்புக் குடத்தைத் தேய்க்காமல் வைத்தால் என்ன ஆகும்? கறுக்கும், புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று திரும்பி வரும். 18 காரட் தங்கத்துக்குள் இருக்கும் செம்புக்குத் தங்கம் நல்ல காவல்தான், குடம் மாதிரி கறுத்துவிடாது, இருந்தாலும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. வியர்வை, கடல் உப்பு, முக்கியமாக நீச்சல் குளத்துக் குளோரின், இவையெல்லாம் மேற்பரப்பில் இருக்கும் செம்பை மெதுவாகத் தாக்கும். செம்பு குறைந்தால் மேல்தோலில் தங்கம் தூக்கலாகத் தெரியும், ரோஸ் வெளுத்து மஞ்சள் பக்கம் சாயும். சில பழைய வாட்ச்களில் நிறம் ஒரே சீராக இல்லாமல் போயிருப்பதற்கு இது ஒரு காரணம்.

கம்பெனிகளுக்குள் போட்டி இங்கேதான் ஆரம்பித்தது. ரோலெக்ஸ் 2005இல் எவரோஸ் என்ற தன் சொந்தக் கலவையைக் கொண்டுவந்தது. தங்கம், செம்பு, கூடவே கொஞ்சம் பிளாட்டினம். நிறம் வெளுக்காமல் பிளாட்டினம் பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் பிளான்-லே-வாத் என்ற இடத்தில் தங்கத்தை உருக்கிக் கலக்கும் சொந்த வார்ப்பகமே வைத்திருக்கிறார்கள், வாட்ச் கம்பெனிகளில் இது எல்லோரிடமும் இருக்கும் வசதி இல்லை. சில ஆண்டுகள் கழித்து ஒமேகா தன் பங்குக்கு செட்னா கோல்டு என்று ஒன்றை இறக்கியது, அதில் பிளாட்டினத்துக்குப் பதில் பல்லேடியம். நெப்டியூனுக்கு அப்பால் 2003இல் கண்டுபிடிக்கப்பட்ட, செந்நிறமான செட்னா என்ற விண்பொருளின் பெயர் அது. நிலாவுக்குப் போன வாட்ச் கம்பெனிக்கு அந்தப் பெயர் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஹப்லோவின் கிங் கோல்டு, பனராயின் கோல்டுடெக் இரண்டிலும் பிளாட்டினம்தான்.

என் கருத்து: இதில் பாதி உலோகவியல், பாதி விளம்பரம். எவரோஸ், செட்னா எல்லாம் நிஜமாகவே யோசித்துச் செய்த கலவைகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாதாரண 5என் வாட்சை வாங்கிவிட்டு, நாள் தவறாமல் குளத்தில் குதிக்காமல், கழற்றி வைக்கும்போது ஒரு துணியால் துடைத்து வைக்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியப் போவதில்லை. சொந்தக் கலவை இருப்பதால் கம்பெனிக்குக் கிடைக்கும் பெரிய லாபம் வேறு: பக்கத்துக் கடைக்காரனால் அதே நிறத்தில், அதே பெயரில் விற்க முடியாது.

சரி, இந்த நிறம் எப்போதிலிருந்து? புதுசு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவில் சிவந்த தங்கம் அவ்வளவு பிரபலமாக இருந்ததால் ரஷ்யத் தங்கம் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. ஜார் மன்னர்களுக்கு அலங்கார முட்டை செய்து கொடுத்த ஃபபர்ஜே பட்டறை, பல நிறத் தங்கங்களை ஒரே பொருளில் சேர்த்து வைப்பதில் பேர்போனது. 1924இல் கார்த்தியே மூன்று நிற வளையங்கள் பின்னிய ட்ரினிட்டி மோதிரத்தைச் செய்தது, அதில் ஒன்று ரோஸ். அப்புறம் இரண்டாம் உலகப் போர். பிளாட்டினம் போருக்கு வேண்டிய உலோகம் என்று அமெரிக்கா அதை நகை வேலைக்குத் தடுத்துவிட, நகைத் தொழில் தங்கத்துக்குத் திரும்பியது, 1940களின் நகைகளில் ரோஸ் நிறம் நிறையக் கண்ணில் படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் காலத்து வாட்ச்களில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். படேக் ஃபிலிப் 1941இல் 1518 என்ற மாடலைக் கொண்டுவந்தது, மாதத்துக்கு எத்தனை நாள் என்று தானே கணக்கு வைக்கும் நிரந்தர நாட்காட்டியும் ஸ்டாப்வாட்சும் ஒரே வாட்சில், அப்படித் தொடர் உற்பத்தியாக வந்த முதல் வாட்ச். பெரும்பாலானவை மஞ்சள் தங்கம், ரோஸ் கொஞ்சம்தான், அதிலும் கூடும் ரோஸ், டயலும் ரோஸ் என்று இருப்பவை மிக அரிது. அப்படி ஒன்று, ஒரு எகிப்திய இளவரசரிடம் இருந்தது, 2021 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் 95 லட்சம் டாலருக்கும் மேல் போனது. அதில் உள்ள தங்கத்தின் விலை அந்தத் தொகையில் கண்ணுக்கே தெரியாது. அரிது, அழகு, யார் கையில் இருந்தது, இவற்றுக்குத்தான் அந்தப் பணம்.

அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் மஞ்சளின் ராஜ்ஜியம். 1956இல் வந்த ரோலெக்ஸ் டே-டேட்டை மஞ்சள் தங்கத்தில்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 90களில் காற்று வெள்ளைப் பக்கம் திரும்பியது, ஸ்டீல், வெள்ளைத் தங்கம், பிளாட்டினம். மஞ்சள் தங்க வாட்ச் என்றாலே சினிமா பண்ணையார் கையை உயர்த்தும்போது பளபளக்கும் சமாசாரம் மாதிரி ஆகிவிட்டது. ரோஸ் திரும்பி வந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். 2015 வாக்கில் அது வாட்ச் உலகத்தைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டது, ஆப்பிள் அந்த ஆண்டு 18 காரட் ரோஸ் கோல்டில் 10,000 டாலரில் தொடங்கும் வாட்சும் விற்றது, அதே நிறப் பெயரில் ஐபோனும் விற்றது. போனில் இருந்தது சாயமேற்றிய அலுமினியம், தங்கம் இல்லை. அந்த போனால் ரோஸ் கோல்டு என்றால் பெண்கள் நிறம் என்று பலர் மனதில் பதிந்துவிட்டது, வாட்ச் உலகத்தில் அப்படி இல்லவே இல்லை. ஆண்கள் விசேஷ உடையோடு கட்டும் மெல்லிய வாட்ச்களில் ரோஸ் கோல்டு பல கம்பெனிகளின் நிரந்தரச் சரக்கு.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம், கண்ணுக்கு இது ஏன் பிடிக்கிறது. நான் பார்த்த வரையில் காரணம் ஒன்றுதான், தங்கம் போட்டிருக்கிறேன் என்று இது கத்துவதில்லை. மஞ்சள் தங்கம் பத்தடி தூரத்திலேயே சொல்லிவிடும். வெள்ளைத் தங்கம் நேர்மாறு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூட ஸ்டீல் என்று நினைத்துக்கொள்வார், இவ்வளவு காசு கொடுத்து யாருக்கும் தெரியாமல் போடுவதில் ஒரு தனி சுகம் காண்கிறவர்களும் உண்டு, அது வேறு ஜாதி ரசனை. ரோஸ் இரண்டுக்கும் நடுவில். தோலின் நிறத்தோடு, முக்கியமாக நம் மாதிரி மாநிறத் தோலோடு, இது பக்கத்து நிறமாகப் போய்ச் சேர்ந்துகொள்கிறது. வெளிறிய தோலில் ரோஸ் தனியாகத் தெரியும். மாநிறக் கையில் அது கையோடு சேர்ந்து, அசையும்போது மட்டும் மின்னும். எனக்கு அது பின்னதில்தான் அழகு, யார் மறுத்தாலும் சரி.

டயல் நிறத்தைத் தேர்வு செய்வதிலும் ரோஸுக்குச் சலுகை அதிகம். நீலமும் சாம்பலும் குளிர்ந்த நிறங்கள், பக்கத்தில் ரோஸ் இருந்தால் அது இன்னும் வெதுவெதுப்பாகத் தெரியும். பழுப்பு டயல் என்றால் எதிர்ப்பதற்குப் பதில் சேர்ந்துகொள்ளும், ஒரே குடும்பத்து நிறம். 2015இல் படேக் ஃபிலிப் நாட்டிலஸ் 5711ஐ ரோஸ் கோல்டில் பழுப்பு டயலோடு கொண்டுவந்தது, 1976இல் ஸ்டீலில் பிறந்த வாட்ச் அது, ரோஸில் அதன் கிடைமட்டக் கோடுகளே வேறு மாதிரித் தெரியும். அதே ஆண்டு ரோலெக்ஸ் யாட்-மாஸ்டரை எவரோஸில் செய்து, கண்ணாடியைச் சுற்றிய வளையமான பெசலைக் கருப்பில் வைத்து, தங்கச் செயினுக்குப் பதில் கருப்பு ரப்பர் ஸ்ட்ராப் மாட்டியது. தங்க வாட்சுக்கு ரப்பரா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள், ஆனால் தங்கத்தின் அளவைக் குறைத்துக் காட்டியதால்தான் அந்த ரோஸ் எடுபட்டது என்பேன். 2018இல் வந்த ரோலெக்ஸ் ஜிஎம்டி-மாஸ்டர் 2, எவரோஸும் பழுப்பு-கருப்புப் பெசலுமாக, ரசிகர்களிடம் ரூட் பீர் (அமெரிக்காவின் பழுப்பு நிறக் குளிர்பானம்) என்ற செல்லப் பெயரையே சம்பாதித்துக்கொண்டது. அதில் பாதி ஸ்டீல் பாதி எவரோஸ் என்ற விலை குறைந்த ரகமும் உண்டு, இந்த நிறத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கலாம்.

கூட்டுக்குள்ளேயும் ரோஸ் போயிருக்கிறது. எஃப்.பி. ஜோர்ன் என்ற ஜெனீவாக் கம்பெனி 2004 முதல் வாட்சின் இயந்திரத்தையே 18 காரட் ரோஸ் கோல்டில் செய்கிறது, சக்கரங்களைத் தாங்கிப் பிடிக்கும் அடித்தகடும் பாலங்கள் எனப்படும் மேல்தகடுகளும் மற்றவர்களிடம் பித்தளை, அங்கே தங்கம். கூடு பிளாட்டினமாக இருக்கலாம், புரட்டினால் பின்கண்ணாடி வழியாக ரோஸ் தெரியும். வாட்சைக் கழற்றினால் ஒழிய வேறு யாருக்கும் தெரியாது. இதைவிட அடக்கமான ஆடம்பரம் எனக்குத் தெரிந்து இல்லை.

எடையையும் மறந்துவிடக் கூடாது. ஸ்டீலின் அடர்த்தி சுமார் 8, 18 காரட் ரோஸ் கோல்டின் அடர்த்தி 15 பக்கம். ஒரே அளவுக் கூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனக்கும். ஸ்ட்ராப் வாட்ச் என்றால் இதமான கனம், முழுச் செயினும் தங்கம் என்றால் நாள் முழுக்கக் கட்டியிருப்பது எல்லோருக்கும் ஒத்துவராது, வாங்குவதற்கு முன் கையில் கட்டிக் கொஞ்ச நேரம் கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள்.

கடைசியாக, எது அசல் ரோஸ் கோல்டு எது வெறும் ரோஸ் நிறம் என்ற விஷயம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ரோஸ் கோல்டு வாட்ச் எல்லாம் ஸ்டீலின் மேல் பூச்சுதான். பிவிடி என்று எழுதியிருந்தால் வெற்றிடத்தில் படியவைத்த மெல்லிய படலம் என்று அர்த்தம், தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான் இருக்கும், அதில் தங்கம் துளிகூட இல்லாமலும் இருக்கலாம். அதை வாங்குவது தப்பில்லை, நிறம் பிடித்திருந்தால் வாங்கலாம், மேசை விளிம்பில் உரசும் இடத்தில் ஒரு நாள் ஸ்டீல் எட்டிப் பார்க்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும். அசல் 18 காரட் என்றால் பின்மூடியிலோ ஸ்ட்ராப் மாட்டும் இடத்தின் பின்பக்கத்திலோ 750 என்ற எண் இருக்கும். 1995க்குப் பிந்தைய சுவிஸ் வாட்சில் செயின்ட் பெர்னார்டு நாயின் தலை பொறித்த சின்னஞ்சிறு அரசு முத்திரையையும் தேடுங்கள், லென்ஸ் வைத்தால் காதும் மூக்கும்கூடத் தெரியும்.

பழைய ரோஸ் கோல்டு வாட்ச் வாங்கும்போது அந்த முத்திரை மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மழுங்கியிருந்தால் யாரோ பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பாலிஷுக்கும் கொஞ்சம் தங்கம் போய்விடும், கூடவே கூட்டின் கூரான விளிம்புகளும். நிறம் லேசாக மங்கின வாட்சைவிட விளிம்பு உருண்டுபோன வாட்சுக்குத்தான் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பார்கள். சர்வீசுக்குக் கொடுக்கும்போது இயந்திரத்தைச் சுத்தம் செய்தால் போதும், கூட்டுக்குப் பாலிஷ் வேண்டாம் என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.